தாத்தாவின் இரட்டைக்குழல்

இங்கிலாந்தின் பண்ணைக் குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறை கைமாறி வந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்றும் இருக்கின்றன. முயலையும் காட்டுப்புறாவையும் ஈய ரவையால் வீழ்த்தியவை. பல பர்மிங்காம் பட்டறைகளில் பிறந்தவை. அவற்றில் அடிக்கடி காணப்படுவது, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சனும் டீலியும் 1875-இல் காப்புரிமை பெற்ற பொறி. குழலை மடக்கித் திறந்தாலே உள்ளிருக்கும் சுத்தியல்கள் விசையேறி நின்றுவிடும். அப்படியொன்று துருவோடும் கீறலோடும் பேரன் கைக்கு வந்தால் உடனே தேய்த்துப் பளபளப்பாக்கத்தான் மனம் பறக்கும். அந்த அவசரத்தில் அழிந்த நல்ல துப்பாக்கிகள் ஏராளம்.

உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்து முத்திரைகளைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரையிட்ட பிறகே விற்க முடியும். அப்படிச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் தொடங்கியது. கரிமருந்துக்கு மட்டும் முத்திரை பெற்ற குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடக் கூடாது. தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டாவும் தடையின்றி உள்ளே போய்விடும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். குழலின் சுவர் எவ்வளவு தடிப்பாக மிஞ்சியிருக்கிறது என்பதைத் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர்தான் கருவி வைத்து அளக்க வேண்டும். துருக்குழிகளை உள்ளே கடைந்து நீக்க நீக்கச் சுவர் மெலிந்துகொண்டே போகும்.

எஃகுக் குழலின் கறுப்பு நிறம் சாயம் அல்ல, அடக்கி வைத்த துரு. எண்ணெய்ப்பசை போகத் துடைத்த குழலில் துருவேற்றும் கரைசலை மெல்லப் பூசி ஈரப்பெட்டியில் வைப்பார்கள். செந்துரு படரும். கொதிநீரில் அமிழ்த்தியதும் அது கறுப்பு மேக்னடைட்டாக மாறிவிடும். ஒட்டாத துகளை மெல்லிய கம்பிப் பஞ்சால் தேய்த்தெடுத்து, மீண்டும் பூசி, மீண்டும் கொதிக்கவிட்டு, நிறம் ஆழமாகும்வரை பல நாள் நடக்கும் வேலை இது. காரசோடாவும் நைட்ரேட்டும் கலந்த சூடான உப்புக் குளியலில் இதைச் சில நிமிடங்களில் முடிக்கலாம். ஆனால் பழைய இரட்டைக்குழல்களையும் நடுவிலுள்ள பட்டியையும் பிணைத்திருப்பது பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. காரம் அதை அரித்துவிடும். பளபளவென்று வெளியே வந்த குழல் பின்னர் பட்டி கழன்று நிற்கும். பொறுமையான பழைய முறைக்கு இங்கே மாற்றில்லை.

வால்நட் மரக்கட்டையில் உப்புத்தாளை வைக்கவே நான் சம்மதிக்க மாட்டேன். தேய்த்தால் மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தாத்தாவின் கன்னம் பட்டு மழுங்கிய இடமும் போய்விடும். பள்ளத்தின் மேல் ஈரத்துணியிட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய நார்கள் நீராவியில் உப்பி எழும். பிறகு ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் உள்ளங்கையால் தேய்த்து, நன்கு காயவிட்டு மறுபடி தேய்க்கலாம்.

சுவர் மெலிந்த குழலுக்கும் ஒரு வழி உண்டு. பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னே புதிய எஃகுக் குழாய்களைப் பொருத்தி, மீண்டும் சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். சாதாரண எஃகுக் குழலுக்கு அது சரி. டமாஸ்கஸ் குழலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, பனையோலை ஊதலுக்கு ஓலையைச் சுற்றுவதுபோல் கம்பியில் சுற்றிக் காய்ச்சி அடித்துச் செய்தது அது. அப்படி எழுந்த வரிகளை வெட்டி எறிவதைவிட, அதைச் சுடாமலே வைத்துக்கொள்ளலாம்.