‘ப்ரீபோன்’ என்று சொன்னால் சிரிப்பீர்களா? - இங்கிலீஷ் தப்புகளும், தப்பே இல்லாத தப்புகளும்!

‘மீட்டிங்கை ப்ரீபோன் பண்ணிட்டாங்க’ என்று ஆபீஸில் யாராவது சொன்னால் போதும். பக்கத்து சீட்டில் இருப்பவர் உதட்டோரம் சிரிப்பார். ‘அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது பாஸ்’ என்பார். குரூப்பில் ஒருவர் ‘ப்ளீஸ் ரிவர்ட் பேக்’ என்று டைப் செய்தால், அது ஸ்க்ரீன்ஷாட்டாகி இன்னொரு குரூப்பில் சிரிப்பு எமோஜிகளோடு சுற்றும்.

தமிழைத் தப்பாக எழுதினால் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. ல, ள, ழ மூன்றும் ஒரே பேனரில் இடம் மாறிக் கிடந்தாலும் கடந்துபோகிறோம். இங்கிலீஷில் ஒரு சொல் பிசகினால் மட்டும், பேசியவரின் படிப்பு, ஊர், படித்த மீடியம் எல்லாமே விசாரணைக்கு வந்துவிடும். இந்தப் பயத்திலேயே, விஷயம் தெரிந்தும் இன்டர்வியூவில் வாயைத் திறக்காமல் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் விழுந்து விழுந்து சிரிக்கும் தப்புகளில் பல, தப்பே இல்லை.

‘ப்ரீபோன்’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ம் ஆண்டிலேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழுக்கு வந்த ஒரு கடிதத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ இருக்கிறதே, அதற்கு எதிர்ப்பதமாக இது இருக்கட்டும் என்று கடிதம் எழுதியவர் முன்மொழிந்தார். அமெரிக்காவில் அது எடுபடவில்லை. இந்தியாவில் ஓஹோவென்று ஓடியது. இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. ‘மீட்டிங்கை ஃபார்வர்டு பண்ணியாச்சு’ என்று சொன்னால், முன்னாலா, பின்னாலா என்று வெள்ளைக்காரர்களே குழம்புகிறார்கள். ப்ரீபோனில் அந்தக் குழப்பம் கிடையாது.

‘டூ தி நீட்ஃபுல்’ இன்னும் சுவாரஸ்யம். அது நம்மவர்கள் கண்டுபிடித்ததே அல்ல. துரைமார்கள் தங்கள் கடிதங்களில் எழுதிய சொற்றொடர். அவர்கள் ஊரில் அது பழசாகி வழக்கொழிந்துவிட்டது. நம் தாலுகா ஆபீஸ் மனுக்களில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சகலைக்கு இங்கிலீஷில் என்ன?

‘கசின் பிரதர்’ என்றால் இங்கிலீஷ் டீச்சர்கள் பலருக்குக் கோபம் வரும். ‘கசின் என்றால் கசின்தான், அதில் என்ன பிரதர்?’ என்பார்கள். ஆனால், நம் வீட்டுக் கணக்கே வேறு. பெரியப்பா மகன் எனக்கு அண்ணன். அத்தை மகன் முறைப்பையன். ஒருவர் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவார். இன்னொருவர் அந்தப் பந்தலில் மாப்பிள்ளையாகவே உட்காரலாம். இந்த இருவரையும் ‘கசின்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் நம் பாட்டி ஒப்புக்கொள்வாரா? அதனால்தான் பக்கத்தில் ‘பிரதர்’ ஒட்டிக்கொண்டது.

‘கோ-பிரதர்’ என்ற சொல்லும் இப்படிப் பிறந்ததுதான். மைத்துனர், கொழுந்தன், சகலை மூவருமே இங்கிலீஷில் ‘பிரதர் இன் லா’. சகலைகள் இருவர் ஒரே மாமனார் வீட்டில் தீபாவளிச் சீருக்குக் காத்திருக்கும் உறவை அந்தச் சொல் எப்படிச் சொல்லும்?

சரி, இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதில் சமத்தா என்றால், அவர்கள் நம்மைவிட மோசம். வாக்கியத்தை ‘ஆஃப்’, ‘வித்’ போன்ற சொற்களில் முடிக்கக் கூடாது என்று 1672-ல் கவிஞர் டிரைடன் குறை சொன்னார். ‘டு’வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வேறு சொல் வரக் கூடாது என்று 1864-ல் ஹென்றி ஆல்ஃபர்டு எழுதினார். யாரோ ஒருவரின் விருப்பம், அடுத்தடுத்த தலைமுறைக்கு இலக்கண விதியாகிவிட்டது. பிரிட்டனில் அப்பாஸ்ட்ரஃபி குறியைக் காப்பாற்றவே 2001-ல் ஒரு சங்கம் தொடங்கினார் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். ‘அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயித்துவிட்டன’ என்று மனம் நொந்து, 2019-ல் அவரே அதைக் கலைப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 96!

கமா செய்த கலாட்டா

அதற்காக, ‘எப்படி எழுதினால் என்ன?’ என்றும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்கு போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசி வரியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பேக் செய்யும் ஒரே வேலையை அது குறிக்கிறதா, அல்லது விநியோகம் என்பது தனி வேலையா? டிரைவர்கள் விநியோகம் செய்கிறார்கள், பேக் செய்வதில்லை. 2017-ல் அப்பீல் கோர்ட் டிரைவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு, அந்தச் சட்ட வரியையே செமிகோலன் போட்டுத் திருத்தி எழுதினார்கள்.

நம் பிள்ளைகள் இன்டர்வியூவில் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்று அமெரிக்கரிடம் சொன்னால், மயங்கி விழுந்த கதை என்று நினைத்துக்கொள்வார். ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்குத்தான் ‘பாஸிங் அவுட் பரேடு’ என்று பெயர். காலேஜுக்கு ‘கிராஜுவேட்டட்’ போதும்.

‘டின்ட் கேம்’ என்பதுதான் அதிகம் காதில் விழுவது. ‘வந்தான்’ இறந்தகாலம், ‘வரவில்லை’ என்பதில் காலமே தெரியாது. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இங்கிலீஷில் ‘டின்ட்’ என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்துவிடுகிறது. பிறகு ‘கம்’ போதும். ‘கேம்’ என்றால் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தாலி.

‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதும் இப்படித்தான். ‘டிஸ்கஸ்’ என்றாலே ‘பற்றிப் பேசு’. ‘பற்றி’ உள்ளேயே இருக்கிறது.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று வாய் தவறுகிறவர்கள் தமிழையே துணைக்கு அழைக்கலாம். ‘என் நண்பரில் ஒருவர்’ என்றா சொல்வோம்? ‘நண்பர்களில் ஒருவர்’தானே! அந்த ‘கள்’தான் இங்கிலீஷில் கடைசி ‘எஸ்’.

‘ரிவர்ட்’ விஷயம் பாக்கி இருக்கிறது. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயில் என்றால் ‘ரிப்ளை’ என்று எழுதிவிடுங்கள். அவர்கள் ஊரில் ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்கே திரும்புவது. உள்ளூர் ஆபீஸ் என்றால் ‘ரிவர்ட்’ தாராளமாகப் போதும். கூடவே அந்த ‘பேக்’ மட்டும் வேண்டாம்!