அக்கரைக்கு வராத ரயில்கள்

திருச்சிக்கு ரயில் வந்தது 1862-இல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக. அக்கரையில் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்கோ அது எட்ட மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் காவிரி. அந்தக் காலத்துச் சென்னை ரயில் திருச்சியில் ஆற்றைத் தாண்டாமல், தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று சுற்றிக்கொண்டுதான் போகும். 1920-களின் கடைசியில் விழுப்புரம், விருத்தாசலம் வழியாகக் குறுக்குப் பாதை போட்டார்கள்; காவிரியிலும் கொள்ளிடத்திலும் ரயில் பாலங்கள் எழுந்தன. அரங்கன் ஊருக்கு ஸ்டேஷன் கிடைத்தது அப்போதுதான்.

ஆனால் ஊருக்குள் போய்வர ரயில்? சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. திருச்சிக்காரர்களுக்கு வாய்த்தது ஒன்றாம் நம்பர் பஸ். மத்திய பேருந்து நிலையத்தில் ஏறினால் சத்திரம், 1976-இல் திறந்த காவிரிப் பாலம், திருவானைக்காவல் கடந்து ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிடும். 2022-இல் பழுதுபார்க்க அந்தப் பாலத்தை மூடியபோதுதான் அதன் அருமை தெரிந்தது!

2011 வாக்கில் மோனோ ரயில் பேச்சு அடிபட்டது. சென்னைக்கே வரவில்லை, திருச்சிக்கு எங்கே வர! அடுத்தது மெட்ரோ. சமயபுரத்திலிருந்து வயலூருக்கு ஒன்று, துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து சுமார் 45 கிலோமீட்டர் என்றது சாத்தியக்கூறு ஆய்வு. மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கையோ 20 லட்சம் மக்கள்தொகையை அளவாக வைக்கிறது. 2011 கணக்குப்படி திருச்சி மாநகரப் பகுதியில் இருந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். பஞ்சப்பூரில் 2025-இல் திறக்கப்பட்டது, பேருந்து முனையம்.