சோதனைச்சாலையிலிருந்து சர்க்கார் மேஜைக்கு!

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிடும்போது, சில நாட்களில் வெள்ளை நுரை குன்றுபோல் எழும்புகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் பஞ்சுப் பொதி. கிட்டே போனால் மூக்கைப் பொத்த வேண்டும்! கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வருகிறது. அதில் கலந்த சோப்புத் தூள் சரக்குதான், மதகில் தண்ணீர் விழுந்து அடிபடும்போது நுரையாகப் பொங்குகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு குப்பித் தண்ணீர் போதும். ஆனால், கழிவை எந்த இடத்தில் தடுப்பது? செலவை யார் ஏற்பது? இரண்டு ராஜ்யங்கள் எப்படி உடன்படுவது? இதற்கெல்லாம் விடை குப்பியில் இல்லை. சர்க்கார் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு எழுதும் இடத்திலும் விஞ்ஞானம் தெரிந்தவர் உட்கார வேண்டும் அல்லவா?

போலீஸ் பதவி வேண்டாம்

அப்படி உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர், 1925-ல் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். வாலிபத்தில் ஐ.பி.எஸ். பதவிக்குத் தேர்வானார், அதை விட்டுவிட்டுப் பயிர் ஆராய்ச்சிக்குப் போனார். 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் வேலை காத்திருந்தும், 1954-ல் தாயகம் திரும்பினார்.

கப்பலில் வந்த விதை

அக்காலத்துக் கோதுமைக்கு உரம் அதிகம் போட்டால், பயிர் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள் இதற்கு வழி காட்டின. டில்லியில் சுவாமிநாதன் குழுவினர் அவற்றைப் பயிரிட்டுச் சோதித்தார்கள்.

ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்தால் நாட்டின் பசி தீருமா? உணவு மந்திரி சி.சுப்பிரமணியம் துணிந்து முடிவெடுத்தார். 1966-ல் 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று. 1964-65-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது.

முன்கூட்டியே எச்சரிக்கை

எல்லோரும் மகிழ்ந்திருந்த 1968-லேயே, காசியில் நடந்த விஞ்ஞான மகாநாட்டில் அவர் எச்சரித்தார்: பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்தால், நிலத்தடி நீரை வரம்பின்றி இறைத்தால், கேடு வரும் என்று.

1979-ல் மத்திய விவசாய இலாகாவின் காரியதரிசி ஆனார். அடுத்த ஆண்டு திட்டக் கமிஷன் அங்கத்தினர். உத்தியோகம் வேண்டாமென்று ஆராய்ச்சிக்குப் போனவரை, ஆராய்ச்சியே உத்தியோகத்தில் கொண்டுவந்து உட்கார்த்தியது!

2004-ல் தேசிய விவசாயிகள் கமிஷனின் தலைவரானார். சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது பாதியாவது சேர்த்துக் கொள்முதல் விலை தர வேண்டும் என்பது கமிஷனின் யோசனை. அந்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 2023-ல் அவர் காலமானார். 2024-ல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

மண்ணில் போட்ட விதை முளைக்குமா என்று பத்து நாளில் தெரிந்துவிடும். சர்க்கார் மேஜையில் போட்ட விதைக்கு ஓர் ஆயுள்கூடப் போதாமல் போகலாம். அங்கே போக விரும்பும் இளம் விஞ்ஞானி, அறிவோடு பொறுமையையும் மூட்டை கட்டிக்கொண்டு போவது நல்லது.