தீபாவளிக்கு எண்ணெய் கொடுத்தனுப்பிய இங்கிலீஷ் வாத்தியார்: கலாம் மறக்காத ஃபாதர் செக்வைரா

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களிடம் அவருடைய ஆசிரியர்கள் யார் யார் என்று கேட்டுப்பாருங்கள். வீட்டுக்கு அழைத்துப்போய்த் தன் கையாலேயே பரிமாறிய சிவசுப்பிரமணிய ஐயரைச் சொல்வார்கள். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியின் அய்யாதுரை சாலமனைச் சொல்வார்கள். திருச்சியில் இங்கிலீஷ் எடுத்த ஃபாதர் டி.என். செக்வைராவின் பெயர் சட்டென்று வராது. புத்தகத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது சில வரிகள்தான்.

அந்தச் சில வரிகளில் ஒரு ஆச்சர்யம் இருக்கிறது. இங்கிலீஷ் வாத்தியாரைப் பற்றி எழுதிய இடத்தில் இங்கிலீஷ் பாடமே இல்லை! இலக்கணம் இல்லை, ஷேக்ஸ்பியர் இல்லை, தப்பில்லாமல் எழுத வைத்த கதை இல்லை. இருப்பது, இரவு நேரத்தில் அறை அறையாகப் போன ஒரு மனிதரும், கொஞ்சம் நல்லெண்ணெயும்.

ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள்

1950-ல் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு இன்டர்மீடியட் சேருவதற்காகத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார் கலாம். அன்றைக்கு ராமேஸ்வரமும் விருதுநகரும் சிவகாசியும் சாத்தூரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அது மூன்றாகப் பிரிந்தது 1985-ல்தான். மழை குறைந்த அந்தப் பெரிய மாவட்டத்திலிருந்து ஒரு பையன் கல்லூரிக்குப் போகிறான் என்றால், பெரும்பாலும் குடும்பத்தில் அவன்தான் முதல் ஆள். படகோட்டி வீடானாலும் சரி, கரிசல்காட்டுச் சம்சாரி வீடானாலும் சரி, கதை ஒன்றுதான்.

1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. யேசு சபைத் துறவிகள் நடத்துவது. செக்வைராவும் அந்தச் சபையைச் சேர்ந்தவர். இந்தியக் கல்வியின் வரலாற்றையும் அதன் சிக்கல்களையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1939-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்து, பிறகு மறுபதிப்புகளும் கண்டது. கல்வி என்றால் என்ன என்று புத்தகம் போட்டவர்தான், கலாமுக்கு வகுப்பில் இங்கிலீஷ் ஆசிரியர், ஹாஸ்டலில் வார்டன்.

நூறு பையன்கள், மூன்று மாடி

மூன்று மாடி விடுதி. சுமார் நூறு பையன்கள். தினமும் இரவு கையில் பைபிளோடு ஒவ்வொரு பையனையும் போய்ப் பார்ப்பாராம் செக்வைரா. அவருடைய சுறுசுறுப்பும் பொறுமையும் வியக்கவைத்தன என்று எழுதுகிறார் கலாம். பையன்களின் சின்னச் சின்னத் தேவைகளைக்கூட அவர் கவனித்துக்கொண்டாராம்.

நூறு பேரை ஒவ்வொருவராகப் பார்ப்பதென்றால் என்ன? ஒரு பையனுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் பகல் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, படியேறி இறங்கி, ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தினமும்.

அடுத்து வருவது தீபாவளி. அன்றைக்கு விடுதியைக் கவனிக்கும் பிரதரும் மெஸ் தொண்டர்களும் ஒவ்வோர் அறைக்கும் போய், கங்கா ஸ்நானத்துக்கு நல்ல நல்லெண்ணெய் கொடுப்பார்கள். இது செக்வைராவின் ஏற்பாடு.

தீபாவளி விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைப்பது அம்மாவோ பாட்டியோ செய்கிற வேலை. மருமகனானால் மாமியார் வீட்டில் நடக்கும். எப்படியும் அது ஒரு வீட்டு விஷயம். விடுதியில் கிடக்கும் பையனுக்கு அன்றைக்குத்தான் வீட்டு நினைப்பு மனசை அடைக்கும். 'பண்டிகை கொண்டாடுபவர்கள் கொண்டாடிக்கொள்ளுங்கள்' என்று ஒரு பாதிரியார் ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் அப்படி ஒதுங்கவில்லை, அறைவாசல் வரை எண்ணெயை அனுப்பினார். பைபிள் அவர் கையில், எண்ணெய் பையன்கள் தலையில். அந்த ஒரு காலைக்காகத்தான் சிவகாசிப் பக்கம் ஒரு வட்டாரமே வருஷம் முழுக்க மருந்து அடைத்துக்கொண்டும் திரி வைத்துக்கொண்டும் இருக்கிறது என்பதை நினைத்தால், இதன் கனம் புரியும்.

கலாமின் அறையில் மூன்று பேர். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையனான அவர், ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் ஒருவர், கேரளாவின் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். (ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது நம் சுஜாதா, அதே காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர்தான். அவருடைய ரசிகர்களுக்கு இதைச் சொல்லாமல் நகர முடியாது.) மூன்றாம் வருஷத்தில் கலாம் சைவ மெஸ்ஸின் செயலாளர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரியின் ரெக்டர் ஃபாதர் களத்திலைச் சாப்பாட்டுக்கு அழைத்து, ஆளுக்கொரு ஊர்ப் பக்குவத்தில் சமைத்து வைத்தார்கள். விளைவு எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. ஆனாலும் ஃபாதர் வாயாரப் பாராட்டினார். இந்தப் பையன்களுக்கு நல்ல பெரியவர்கள் வாய்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கிலீஷ் எங்கே வந்தது?

கல்லூரியின் கடைசி வருஷத்தில் தனக்கு ஆங்கில இலக்கியத்தில் ருசி ஏற்பட்டதாகக் கலாம் எழுதியிருக்கிறார். டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி என்று தேடிப் படித்திருக்கிறார். அந்தக் கதைகள் நடக்கும் ஊர்கள் அந்நியமாக இருந்தபோதும் பிடித்திருந்தது. பிறகு தத்துவம். அதே சமயத்தில் இயற்பியல் மேலும் பெரிய ஈடுபாடு.

இந்த ருசிக்கு செக்வைராதான் காரணம் என்று கலாம் சொல்லவில்லை. நாமும் அப்படி முடிச்சுப்போட வேண்டாம். ஆனால் புரியாத மொழியை ஒருவன் கற்கும்போது முதல் எதிரி பயம். வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்கிற பயம். பாடம் எடுப்பவரே ராத்திரி வந்து விசாரித்துவிட்டுப் போகிறவராக இருந்தால், அந்தப் பயம் எத்தனை நாள் நிற்கும்?

இந்தக் கேள்வி பழைய கதைக்கானது மட்டும் இல்லை. சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறார்கள். தீப்பெட்டி ஒட்டிய சின்னக் கைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரவே சட்டமும் தனித் திட்டங்களும் தேவைப்பட்ட வட்டாரம் இது. கலாம் திருச்சியில் படிப்பை முடித்த அதே 1954-ல்தான், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்க்காரர் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அவர் திறந்துவிட்ட பள்ளிகளின் வழியாக வந்த குடும்பங்களில் இன்று மூன்றாம் தலைமுறை நடக்கிறது.

இந்த ஊரில் ஒரு வேடிக்கையும் உண்டு. பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிளில் ஃப்ளவர் பாட், ராக்கெட், ஸ்பார்க்ளர் என்று எங்கும் இங்கிலீஷ்தான். அச்சகங்களில் ஓடும் டைரி, காலண்டரிலும் இங்கிலீஷ் நிறைய. கையில் நாள் முழுக்க அந்த எழுத்து புழங்குகிறது. ஆனால் தமிழ்வழியில் படித்த பிள்ளை கல்லூரியில் முதல் நாள் வகுப்பு முழுக்க இங்கிலீஷில் நடக்கும்போது கடைசி பெஞ்சைத் தேடுகிறது.

அரசு கைகொடுக்காமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். விடுதி அறையின் கதவைத் தட்டி 'சாப்பிட்டியா, இன்னிக்குப் பாடம் புரிஞ்சுதா?' என்று கேட்பதற்கு மட்டும் ஒரு ஆள் நேரில் வந்தாக வேண்டும். அப்படி வருகிற ஆசிரியர்களும் வார்டன்களும் இந்த மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். செக்வைராவைப் பற்றியே, அவருடைய மாணவர் ஒருவர் நாடறிந்த விஞ்ஞானியாகி 1999-ல் சுயசரிதை எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

செயின்ட் ஜோசப்பை விட்டு சென்னை எம்.ஐ.டி-க்கு விமானப் பொறியியல் படிக்கப் போனார் கலாம். அங்கே தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. டால்ஸ்டாயையும் ஹார்டியையும் ஆங்கிலத்தில் படித்துத் தேறியிருந்த பையன், தமிழில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்பது அதன் விஷயம். அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசை அவர் கையில் கொடுத்தவர், துப்பறியும் சாம்புவை எழுதிய 'ஆனந்த விகடன்' ஆசிரியர் தேவன்.