சுரங்களின் சந்ததி

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கினால், பவளக்கல் வேலிகளுக்கு அப்பால் மட்டக்குதிரைகள் மேய்வதைக் காணலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. குதிரை வளர்த்தவன் செய்தது இவ்வளவுதான்: நல்லதென்று கண்ட சோடியைச் சேர்த்தான், குட்டிகளில் நல்லதை அடுத்த சோடிக்கு வைத்துக்கொண்டான். இதே வேலையை மெட்டுக்கும் செய்யலாம்.

விடைகளை இப்படி இனம்பெருக்கித் தேடும் கணினி முறையை அமெரிக்கரான ஜோன் ஹொலண்ட் 1975இல் நூலாக எழுதினார். மோகனத்தில் அதைச் செய்து பார்ப்போம். தாய் ‘ஸ ரி க ப க ரி ஸ ரி’. தந்தை ‘ப த ஸ த ப க ரி ஸ’. தாயின் முற்பாதியையும் தந்தையின் பிற்பாதியையும் ஒட்டினால் குட்டி ‘ஸ ரி க ப ப க ரி ஸ’. அதில் எழுமாற்றாக ஒரு சுரம் மாறட்டும். இரண்டாவது பஞ்சமம் தைவதமாகிறது: ‘ஸ ரி க ப த க ரி ஸ’. பாடிப் பாருங்கள். தைவதத்திலிருந்து காந்தாரத்துக்கு விழும் அந்தப் பாய்ச்சல் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

ஐந்து சுரங்களைப் பதினாறு இடங்களில் வைக்க 15,000 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஒன்றை நான்கு வினாடி கேட்டாலும் முழுவதையும் கேட்டு முடிக்க 19,000 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் எந்தக் குட்டி நல்லது என்று யார் சொல்வது? 1990களில் ட்ரம்பெட் கலைஞர் அல் பைல்ஸ் ஜாஸ் வாசிக்கும் ‘ஜென்ஜாம்’ மென்பொருளை உருவாக்கியபோது, ஒவ்வொன்றையும் மனிதரே கேட்டு நல்லது, கூடாது என்று சொல்லவேண்டியிருந்தது. கணினி களைக்காது; காது களைத்துவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்தச் சுமையைப் பலருக்குப் பகிர்ந்தார்கள். ஏறக்குறைய 7,000 பேர் இணையத்தில் கேட்டுப் புள்ளியிட, வெறும் இரைச்சலாகத் தொடங்கிய ஒலித்துண்டுகள் 2,500 தலைமுறைகளில் இசையாகின. 2012இல் அந்த ஆய்வு வெளியானது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவில் மேளச்சமா கேட்டவர்களுக்கு இது அந்நியமல்ல. எந்தப் பிடிக்குக் கூட்டம் தலையாட்டுகிறதோ, அதையே வித்துவான் சற்று மாற்றித் திரும்ப வாசிப்பார். அங்கும் தேர்வு காதினதுதான்.

ஒரு குறை மட்டும் உண்டு. மேலே எழுதிய சுரங்கள் படிக்கட்டுகள் போன்றவை. நம் இசையோ படிகளுக்கு இடையில், கமகத்தில் இருக்கிறது. கமகத்தையும் மரபணுவாக எழுதாமல் நாதஸ்வரத்தின் மோகனம் கணினியில் பிறக்காது. கணினி படிக்கும் நம் பிள்ளைகளே, அதற்கு ஒரு மடிக்கணினி போதும். ஆனால் தீர்ப்புச் சொல்ல ஊர்க் கோயில் நாதஸ்வர வித்துவான் ஒருவரை அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.