தாயின் இரத்தத்தில் இரும்பு

மழையில் கிடந்த ஆணி துருப்பிடிப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இரும்பு அணு தன் எலெக்ட்ரான்களை ஆக்சிஜனுக்கு விட்டுக்கொடுப்பதே அதற்குக் காரணம். இதே இரும்பு நம் இரத்தத்திலும் இருக்கிறது. ஆக்சிஜனும் அங்கே ஓயாமல் ஓடுகிறது. அப்படியானால், இரும்பு நம் உடலுக்கு நன்மையா, தீமையா? கருவுற்ற பெண்ணைப் பொறுத்தவரை இது உயிர் காக்கும் கேள்வி.

வளர்ந்த ஒருவர் உடலிலுள்ள இரும்பு மொத்தம் 3 அல்லது 4 கிராம்தான். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைச் சுமக்கும். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். கருவுற்ற பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அது 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை என்கிறார்கள்.

கருவுற்ற காலத்தில் கூடுதல் தேவை எவ்வளவு? குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சுமார் 300 மில்லிகிராம், தாயின் உடலில் பெருகும் சிவப்பணுக்களுக்கு 500, அன்றாட இழப்பை ஈடுகட்ட 200; ஆக மொத்தம் 1000 மில்லிகிராம். இதில் பெரும்பகுதி கடைசி ஆறு மாதங்களில்தான் வேண்டியிருக்கிறது. 1000ஐ 180 நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்தரை மில்லிகிராம் வரும். ஆனால் சாதாரண உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராமே. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டவே 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையைத் தினமும் தருகிறார்கள். அதிலும் ஒரு சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும்.

அப்படியானால் பத்து மாத்திரைகளை ஒன்றாக விழுங்கலாமா? கூடவே கூடாது. உயிரணுக்கள் சுவாசிக்கும்போது ஹைடிரஜன் பெராக்சைடு சிறிதளவு உண்டாகிறது. தனித்துத் திரியும் இரும்பு அதற்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்தால் அது உடைந்து, 'ஹைடிராக்சில்' என்னும் தனி உறுப்பு பிறக்கும். இத்தகைய வினையை ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலார் 1894இல் விவரித்தார். ஹைடிராக்சிலில் ஓர் எலெக்ட்ரான் இணையின்றி நிற்கிறது. அதன் ஆயுள் ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான். அதற்குள் பக்கத்திலுள்ள கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் எதுவானாலும் அதைத் தாக்கி ஹைடிரஜன் அணுவைப் பறித்துவிடும். இத்தகைய சேதம் உடலின் தற்காப்பை மீறுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

ஆகவேதான் உடல் இரும்பைத் தனியே திரிய விடுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரண்டிரண்டு அணுக்களாகச் சுமந்து செல்லும். ஃபெரிட்டின் என்னும் புரதக் கூடு 4500 அணுக்கள் வரை பூட்டி வைக்கும்.

இரும்பு குறைந்தால் இந்த ஆபத்தும் குறையும் என்று தோன்றலாம். உண்மை அதற்கு மாறானது. பெராக்சைடைச் சிதைத்து நம்மைக் காக்கும் கேட்டலேஸ் என்னும் நொதியிலேயே இரும்பு இருக்கிறது. இரும்புப் பஞ்சத்தில் உருவான சிவப்பணுக்கள் சிறுத்தும் நலிந்தும் இருப்பதால், தமக்குரிய 120 நாள் ஆயுளுக்கு முன்பே அழிந்துபோகக்கூடும். இரத்தசோகையுள்ள கருவுற்ற பெண்களிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பேற்றின்போது தாயின் உயிருக்கே ஆபத்து ஆகியவை இரத்தசோகையோடு சேர்ந்து வருபவை.

ஆக, அளவோடு கொடுத்து, பூட்டி வைத்தால் இரும்பு நன்மையே செய்யும். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்சி நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொன்ன அளவை மீறவும் கூடாது. தேநீர் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சை, நெல்லிக்காயிலுள்ள வைட்டமின் சி, மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்புக்கு ஒன்றைத் திருப்பித் தந்து, குடல் ஏற்கும் நிலைக்கு மாற்றும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 15 முதல் 19 வயதுப் பெண்களிலோ 59.1 விழுக்காடு! இரும்பின் சேமிப்பு பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. வகுப்பில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல மாத்திரையைச் சன்னல் வழியே எறிபவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.