தட்டிலும் தாளிலும் ஒரே மண்

அஞ்சல் தலைகளைச் சேர்ப்போர் உண்டு; நாணயங்களைச் சேர்ப்போர் உண்டு; தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்போரும் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்னொரு வகைச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பழைய வார, மாத இதழ்களில் வெளிவந்த பீங்கான் உணவுக் கலங்களின் விளம்பரப் பக்கங்களை இவர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். தட்டைச் சேர்ப்பதில் பொருள் உண்டு. தட்டின் விளம்பரத்தைச் சேர்ப்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை காண வரலாற்றோடு வேதியியலையும் சற்றுத் துணைக்கு அழைப்போம்.

தட்டு சொல்லாததைத் தாள் சொல்லும்

ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஆலையின் முத்திரை இருக்கும். செய்த ஆண்டு பெரும்பாலும் இராது. ஒரே முத்திரையைப் பல்லாண்டுகள் பயன்படுத்திய ஆலைகளும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிளாடிங் மெக்பீன் நிறுவனம் 'பிரான்சிஸ்கன்' என்ற பெயரில் கலங்கள் செய்து வந்தது. அது 1941-இல் 'டெசர்ட் ரோஸ்' என்னும் ரோஜாப்பூ வேலைப்பாட்டை வெளியிட்டது. அது பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. 1984-இல் உற்பத்தி இங்கிலாந்துக்கே மாற்றப்பட்டது. ஆகவே, கையில் உள்ள ஒரு தட்டு எந்தக் காலத்தது என்பதைப் பூவை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது.

விளம்பரமோ நாள் குறிக்கப்பட்ட இதழில் வெளிவந்தது. வேலைப்பாட்டின் பெயர், கிடைத்த கலங்களின் பட்டியல், விலை ஆகியவை அதில் இருக்கும். நிலவியலார் பாறை அடுக்கின் வயதை அதில் உள்ள தொல்லுயிர்ப் படிவத்தைக் கொண்டு கணிப்பது போல, சேகரிப்பாளர் தட்டின் காலத்தை விளம்பரத்தைக் கொண்டு கணிக்கிறார். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்த மாதத்தில் அக்கலம் விற்பனைக்கு இருந்தது என்பதற்கே விளம்பரம் சான்று. அது முதன்முதலில் எப்போது செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று ஆகாது.

ஒரு களிமண், இரு பயன்கள்

பீங்கானின் உயிர் கயோலின் என்னும் வெண்களிமண். சீனாவின் ஜிங்டெசென் நகருக்கு அருகேயுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே இதற்கு வந்தது. நாம் சீனக் களிமண் என்கிறோம். இதனுடன் பெல்ஸ்பார், குவார்ட்சு ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, உருவாக்கி, ஏறத்தாழ 1400° செ. வெப்பத்தில் சுட்டால் வன்பீங்கான் கிடைக்கிறது. பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்புகிறது. அதனால்தான் நல்ல பீங்கான் நீரை உறிஞ்சுவதில்லை. மெல்லிய விளிம்பின் வழியே ஒளியும் கசிகிறது.

இனி, அந்த விளம்பரம் அச்சான வழவழப்பான தாளைத் தொட்டுப் பாருங்கள். வெறும் மரக்கூழ்த் தாளில் இழைகளுக்கு இடையே மேடும் பள்ளமும் இருக்கும். நுண்ணிய வண்ணப் புள்ளிகள் அதில் சீராகப் பதியா. எனவே, கயோலினை ஒட்டுப்பொருளுடன் குழைத்துத் தாளின்மேல் பூசுகிறார்கள். கயோலின் துகள்கள் தட்டையான ஆறுகோணத் தகடுகள். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லி மீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியவை. உருளைகளுக்கிடையே அழுத்தும்போது அவை சீட்டுக்கட்டுப் போலப் படுத்துக்கொள்வதால் தாள் பளபளக்கிறது. கனத்த பூச்சுத் தாளின் எடையில் கால் பங்குக்கும் மேல் கனிமமாகவே இருக்கலாம். பழைய வண்ண இதழ்கள் கையில் கனப்பதன் காரணம் இதுவே. ஆக, தட்டும் அதன் படத்தைத் தாங்கிய தாளும் ஒரே மண்ணின் இரு பயன்களாகும்.

சிவப்பு நிறத்தின் கதை

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் நியூவெல் ஊரிலுள்ள ஹோமர் லாஃப்ளின் ஆலை 1936-இல் 'பியெஸ்டா' என்ற கலங்களை வெளியிட்டது. இவை பீங்கானைவிட எளிய மண்கலங்கள். வடிவமைத்தவர் பிரெடரிக் ரீட். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், தந்த வெண்மை என ஐந்து நிறங்களில் தொடங்கிப் பின்னர் நிறங்கள் கூடின.

1930-களின் விளம்பரத்தில் சிவப்பு இருக்கும். 1940-களின் நடுப்பகுதியில் அது இராது. 1959-க்குப் பிறகு மீண்டும் தோன்றும். ஏன்? அந்தச் செம்மஞ்சள் மெருகுக்கு நிறம் தந்தது யுரேனிய ஆக்சைடு. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்திற்காக அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆலை சிவப்பை நிறுத்திவிட்டது. 1959-இல் திரும்பியபோது, யுரேனியம்-235 பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்ட எச்ச யுரேனியமே மெருகில் இருந்தது. உலகத்திற்கு மறைக்கப்பட்ட ஒரு பெருந்திட்டத்தின் சுவடு, ஒரு தட்டு வியாபாரியின் நிறப்பட்டியலில் பதிந்து கிடக்கிறது.

இதில் நமக்கு எச்சரிக்கையும் உண்டு. விளம்பரம் நிறத்தின் பெயரைச் சொல்லும். அந்நிறம் எதிலிருந்து வந்தது என்று சொல்லாது. அந்தப் பழைய சிவப்புத் தட்டின் அருகே கைகர் எண்ணியைக் கொண்டுபோனால் அது படபடவென ஒலிக்கும். பழைய மெருகுகள் பலவற்றில் காரீயமும் உண்டு. எலுமிச்சை, தக்காளி, புளி போன்ற அமிலப் பொருள்கள் காரீயத்தையும் யுரேனியத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கும். ஆதலால், அத்தகைய கலங்கள் அலமாரியில் இருக்கட்டும், சாப்பாட்டுக்கு வேண்டா.

மூலமா, நகலா?

பழைய பக்கங்களுக்கு விலை ஏறியதும் நகல்களும் சந்தைக்கு வந்துவிட்டன. சில எளிய சோதனைகளை நீங்களே செய்யலாம்.

பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இதழிலிருந்து எடுத்த தாளின் மறுபுறத்தில் கதையோ, கட்டுரையோ, வேறு விளம்பரமோ பெரும்பாலும் இருக்கும். மறுபுறம் வெறுமையாக இருந்தால் ஐயப்படுங்கள்.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் படத்தை நோக்குங்கள். பழைய அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசைகளில் இருக்கும். கணிப்பொறி மைத்தெளிப்பு நகலில் அவை மணல் இறைத்தாற்போல் சிதறியிருக்கும்.

இருட்டறையில் புற ஊதா விளக்கின் ஒளியைத் தாளின்மீது வீழ்த்துங்கள்; விளக்கை நேரே பார்க்கக் கூடாது. தாளுக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்கள் ஏறத்தாழ 1950-க்குப் பின்னரே பரவலாயின. 1938-ஆம் ஆண்டுப் பக்கம் என்று விற்கப்படும் தாள் நீலமாக ஒளிர்ந்தால் அது பிந்தியது. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது; ஒளிர்பொருள் சேராத தாள் இன்றும் செய்யப்படுகிறது.

முகவரியும் துப்புத் தரும். அமெரிக்கப் பெருநகரங்களில் 1943-இல் அஞ்சல் மண்டல எண்கள் வந்தன. 1963-இல் ஐந்து இலக்க ஜிப் எண்கள் வந்தன. விளம்பரத்தின் அடியில் 'ட்ரென்டன் 5, நியூ ஜெர்சி' என்றிருந்தால் அது 1943-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஐந்து இலக்க எண் இருந்தால் 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

நிறத்தை மட்டும் நம்பவேண்டா. நான்கு மைகளின் புள்ளிகளால் மெருகின் உண்மை நிறத்தை அப்படியே காட்ட இயலாது. தாள் மஞ்சளாகிவிட்டால் நீலம் பச்சையாகத் தோன்றும். வெண்மை தந்த நிறமாகிவிடும்.

தாளின் பகைவர்கள்

பீங்கான் உடையாமலிருந்தால் ஆயிரம் ஆண்டு இருக்கும். தாளின் நிலை வேறு. மலிவான மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் எஞ்சியிருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பாகிறது. மேலும், மை பரவாதிருக்க 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தாளில் பிசினும் அலுமினியம் சல்பேட்டும் சேர்த்து வந்தார்கள். இவ்வுப்பு ஈரத்துடன் சேர்ந்து அமிலத்தைத் தருகிறது. அமிலம் செல்லுலோசின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மடித்தால் தாள் முறிந்துபோவது இதனால்தான்.

வெப்பமும் ஈரமும் இவ்வினைகளை விரைவுபடுத்தும். 21° செ.-க்கு உட்பட்ட வெப்பமும் 30 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் தாளுக்கு ஏற்றவை. நம் வீடுகளில் இது கைகூடுவது அரிது. ஆயினும் இயன்றதைச் செய்யலாம். கூரையை ஒட்டிய பரணும், மழை ஊறும் வெளிச்சுவரும் ஆகா. உட்சுவரை ஒட்டிய, காற்றோட்டமுள்ள அலமாரி நன்று. வெயில் படும் சுவரில் மாட்டவேண்டா. மாட்டத்தான் வேண்டுமென்றால் நகலை மாட்டுங்கள். ஒட்டு நாடா கறையாகும், குண்டூசி துருவாகும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமில ஆவியை விடும்; பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொபிலீன் உறைகளே ஏற்றவை. ஈரமான தாளை எந்த உறையிலும் இடக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும்.

பூச்சுத் தாள் நனைந்துவிட்டால் நேரமே முக்கியம். ஒட்டுப்பொருள் இளகிக் களிமண் பூச்சு பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்படியே உலர்ந்தால் இதழ் முழுவதும் செங்கல்லாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையிடையே மெழுகுத் தாளை வைத்து உலர்த்த வேண்டும்.

கத்தரிக்கோலுக்கு முன் பென்சில்

இவ்வளவு பகைவரையும் வென்ற பக்கத்தைச் சேகரிப்பாளரே கெடுத்துவிடுவதும் உண்டு. முழுப்பக்க விளம்பரங்களில் இதழின் பெயரும் நாளும் பக்க எண்ணும் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. இதழிலிருந்து வெட்டிய மறுகணமே அதன் தேதி போய்விடுகிறது. தேதி போனபின் அதுவும் தட்டைப் போலவே ஊமையாகிவிடுகிறது.

ஆகவே, முழு இதழ் கிடைத்தால் வெட்டாமல் வைத்திருங்கள். ஏற்கெனவே சிதைந்த இதழாக இருந்தால், வெட்டுவதற்கு முன் இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, பக்கத்துடன் அதே உறையில் வையுங்கள்.

இது தட்டு விளம்பரங்களுக்கு மட்டும் உரிய முறையன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய தமிழ் இதழ்கள் இருக்கக்கூடும். சோப்பு, காப்பித்தூள், வானொலிப் பெட்டி விளம்பரங்கள் அவற்றில் இருக்கும். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நம் பாட்டிமார் என்ன விலைக்கு என்ன வாங்கினார்கள் என்று அறிய விரும்பும் பேரப்பிள்ளைக்கு அந்தப் பக்கமும், அதனுடன் நீங்கள் எழுதி வைக்கும் ஒரு வரியும் உதவும்.